உங்கள் ஓட்டு எந்த முகவரியில் இருக்கிறது?

மலேசியாவில் இப்போது யாரும் வாக்காளராகப் பதிந்துகொள்ள அலைய வேண்டியதில்லை. குடியுரிமை உள்ளவருக்குப் பதினெட்டு வயது நிறைந்தால் பெயர் தானாகவே வாக்காளர் பட்டியலில் ஏறிவிடும். இது பலருக்கும் தெரிந்துவிட்டது. ஆனால் எந்தத் தொகுதியில் அந்தப் பெயர் ஏறுகிறது என்பதை ஐ.சி. எனப்படும் அடையாள அட்டையில் அச்சாகியிருக்கும் முகவரிதான் தீர்மானிக்கிறது. தோட்டம் கைமாறி, லயத்து வீடுகளை இடித்து, ஆட்கள் தாமான் எனப்படும் வீடமைப்புப் பகுதிக்கும் அடுக்குமாடிக்கும் குடிபோய் எத்தனையோ காலம் ஆன பிறகும் பலருடைய ஐ.சி.யில் தோட்டத்து முகவரியே இருக்கிறது. நம்மவர்களின் ஓட்டு பயன்படாமல் போவதற்கு இதைவிடப் பெரிய காரணம் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. அதனால் மற்ற விதிகளைச் சுருக்கமாகச் சொல்லிவிட்டு, முகவரி விஷயத்தைக் கொஞ்சம் நீட்டியே எழுதப்போகிறேன்.

பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டையே எடுத்துக்காட்டாக வைத்துக்கொள்வோம். எல்பில், ஹேவூட், டோவன்பி, கமுனிங் என்று தோட்டங்களின் பெயரைச் சொல்லியே ஒருவரையொருவர் அடையாளம் காணும் ஊர் அது. நாடாளுமன்றத்துக்கு அது ஒரே தொகுதி. அதற்குள் லிந்தாங், ஜாலோங் என இரண்டு சட்டமன்றத் தொகுதிகள். ஆகவே அங்குள்ள வாக்காளர் ஒவ்வொருவரும் நாடாளுமன்றத்துக்கு ஒருவரையும் பேராக் சட்டமன்றத்துக்கு ஒருவரையும் தேர்ந்தெடுக்கிறார். 2022 நவம்பர் 19ஆம் தேதி இரண்டு தேர்தலும் ஒரே நாளில் நடந்ததால் அன்று கையில் இரண்டு வாக்குச் சீட்டுகள் கொடுத்தார்கள். சிலாங்கூர், கெடா, பினாங்கு, நெகிரி செம்பிலான் போன்ற மாநிலங்களில் சட்டமன்றத் தேர்தல் தனியாக 2023 ஆகஸ்ட் 12ஆம் தேதி நடந்தது. "மாநிலத் தேர்தலுக்குத் தனியாகப் பேர் பதியணுமா?" என்று அப்போது கேட்டவர்கள் உண்டு. வேண்டாம். நாடாளுமன்றத்துக்கும் சட்டமன்றத்துக்கும் பட்டியல் ஒன்றுதான், தகுதியும் ஒன்றுதான். கெடாவுக்கு ஒரு விதி, பேராக்குக்கு ஒரு விதி என்று கிடையாது.

நகராண்மைக் கழகத்துக்கும் மாவட்ட மன்றத்துக்கும் ஓட்டே இல்லை. 1965இல் உள்ளாட்சித் தேர்தல்களை நிறுத்தி வைத்தார்கள். 1976ஆம் ஆண்டு உள்ளாட்சிச் சட்டத்துக்குப் பிறகு மன்ற உறுப்பினர்கள் நியமனம்தான். கால்வாய் அடைப்புக்காக நாம் தேடிப் போகும் கவுன்சிலர் நாம் தேர்ந்தெடுத்தவர் அல்லர் என்பதை இளையவர்கள் தெரிந்துகொள்வது நல்லது.

யாருக்கு ஓட்டு உண்டு

அடிப்படை விதி கூட்டரசு அரசியலமைப்பின் 119ஆவது விதியில் இருக்கிறது. மலேசியக் குடியுரிமை வேண்டும். பதினெட்டு வயது நிறைந்திருக்க வேண்டும். அந்தத் தொகுதியில் வசிப்பவராக இருக்க வேண்டும். ஒரே ஆள் இரண்டு தொகுதிகளில் ஓட்டுப் போடக் கூடாது. ஈப்போவில் ஒரு வீடும் சுங்கை சிப்புட்டில் ஒரு வீடும் வைத்திருப்பவருக்கும் ஓட்டு ஒன்றுதான்.

வயது வரம்பு முன்பு இருபத்தொன்றாக இருந்தது. அதைப் பதினெட்டாகக் குறைக்கும் திருத்தத்தை 2019 ஜூலை 16ஆம் தேதி மக்களவையில் 211 உறுப்பினர்கள் ஆதரித்தார்கள், எதிர்த்தவர் ஒருவரும் இல்லை. ஆனாலும் 2021 டிசம்பர் 15ஆம் தேதிதான் அது நடப்புக்கு வந்தது. தானாகப் பெயர் ஏறும் முறையும் அன்றுதான் தொடங்கியது. 2018 பொதுத் தேர்தலில் 14.9 மில்லியனாக இருந்த வாக்காளர் எண்ணிக்கை 2022இல் 21.1 மில்லியனாகக் கூடியதற்கு இதுவே காரணம். அப்படிப் புதிதாகச் சேர்ந்தவர்கள் எல்லாரும் ஐந்தாம் படிவம் முடித்த பிள்ளைகள் அல்லர். அதுவரை பதிந்துகொள்ளாமலே இருந்துவிட்ட நாற்பது, ஐம்பது வயதுக்காரர்களும் அதில் நிறையப் பேர்.

வயதுக் கணக்கில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. வாக்களிப்பு நாளன்று பதினெட்டு ஆனால் போதும் என்று பிள்ளைகள் நினைக்கிறார்கள். அப்படி அல்ல. தேர்தலுக்கென ஒரு பட்டியலை நிலைப்படுத்துகிறார்கள், அதில் பெயர் இருந்தாக வேண்டும். 2022இல் நாடாளுமன்றம் அக்டோபர் 10ஆம் தேதி கலைந்தது. அந்தத் தேர்தலுக்கு அக்டோபர் 9 வரைக்குமான பட்டியலைத்தான் பயன்படுத்தினார்கள். அக்டோபர் 20ஆம் தேதி பதினெட்டை எட்டிய பிள்ளைக்கு, நவம்பரில் நடந்த வாக்களிப்பில் ஓட்டு இல்லை.

ஓட்டு இல்லாதவர்கள் யார்? சிறையில் தண்டனை அனுபவிப்பவர், மனநிலை சரியில்லாதவர் எனத் தடுத்து வைக்கப்பட்டிருப்பவர், பன்னிரண்டு மாதங்களுக்கு மேல் சிறைத் தண்டனையோ மரண தண்டனையோ பெற்று அது இன்னும் தீராமல் இருப்பவர். தண்டனை முடித்து வெளியே வந்தவருக்கு ஓட்டு உண்டு. வழக்கு நடக்கிறது, பெயில் எடுத்திருக்கிறார் என்பதற்காகவும் ஓட்டு போய்விடாது. திவாலானவர்களும் பயப்பட வேண்டாம். திவாலானால் நாடாளுமன்றத் தேர்தலில் வேட்பாளராக நிற்க முடியாது, ஓட்டுப் போடத் தடை எதுவும் இல்லை. கார் கடனில் மாட்டித் திவாலான எத்தனையோ பேர் இது தெரியாமல் வீட்டிலேயே இருந்துவிடுகிறார்கள்.

சிவப்பு ஐ.சி., நீல ஐ.சி.

தோட்டத்து ஊர்களில் குடியுரிமை என்பது ஐ.சி.யின் நிறம். நீல மைகார்டு குடிமக்களுக்கு. சிவப்பு அட்டை நிரந்தரவாசிக்கு, பச்சை அட்டை தற்காலிகவாசிக்கு. சிவப்பும் பச்சையும் வைத்திருப்பவர்கள் இங்கேயே பிறந்து, இங்கேயே ஐம்பது வருஷம் ரப்பர் மரம் வெட்டிப் பால் எடுத்திருந்தாலும் ஓட்டுப் போட முடியாது. ஒரே வீட்டில் மகனுக்கு நீலம், பாட்டிக்குச் சிவப்பு என்று இருப்பதைப் பார்க்கும் இளையவர்களுக்கு இது எப்படி வந்தது என்று புரிவதில்லை.

1955 ஜூலை 27ஆம் தேதி மலாயாவில் முதல் கூட்டரசுத் தேர்தல் நடந்தபோது வாக்காளர்கள் சுமார் 1.28 மில்லியன் பேர். அதில் 84 விழுக்காட்டினர் மலாய்க்காரர்கள். தோட்டத் தமிழர்களில் பெரும்பாலோர் அன்றைய சட்டப்படி குடிமக்களாக இல்லை என்பதால் பட்டியலில் இடம் பெறவில்லை. சுதந்திரத்துக்குப் பின் ஓராண்டுக் காலம் மலாய் மொழித் தேர்வு இல்லாமலேயே குடியுரிமைக்கு மனுச் செய்ய வழி இருந்தது. அந்த நேரத்தில் மனுப் போட்டவர்களின் குடும்பங்கள் நீல ஐ.சி.க்கு வந்தன. பிறப்புப் பத்திரம் இல்லாதவர்கள், விவரம் எட்டாத உள்தோட்டத்தில் இருந்தவர்கள், ஊருக்குத் திரும்பிவிடுவோம் என்று நம்பியவர்கள் பின்தங்கினார்கள். அந்த நம்பிக்கைக்காக அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. 1969க்குப் பிறகு குடியுரிமை இல்லாதவர்களுக்கு வேலை பெர்மிட் கட்டாயமானபோது ஆயிரக்கணக்கானோர் கப்பலேற வேண்டியதாயிற்று. எஞ்சி நின்றவர்களில் சிலர்தான் இன்றைய சிவப்பு ஐ.சி. பாட்டிகளும் தாத்தாக்களும்.

இன்றைய குடும்பங்களிலும் இந்தச் சிக்கல் புதிதாக முளைக்கிறது என்பதுதான் கவலை. மணமக்கள் கோயிலில் தாலி கட்டிக்கொண்டு, திருமணத்தைச் சட்டப்படி பதியாமல் விட்டுவிட்டால், பிள்ளையின் குடியுரிமை தாயைப் பார்த்தே அமையும். தாய் வெளிநாட்டவராக இருந்தால், தகப்பன் நீல ஐ.சி. வைத்திருந்தும் பிள்ளைக்குக் குடியுரிமை தானாக வராது. பன்னிரண்டு வயதில் ஐ.சி. எடுக்கப் போகும்போதுதான் குடும்பத்துக்கே விஷயம் தெரியவருகிறது. கல்யாணத்தைப் பதியுங்கள், பிறப்பை அறுபது நாளுக்குள் பதியுங்கள். பிள்ளை பிற்காலத்தில் வாக்குச் சாவடிக்குள் போவதற்கு அங்கேதான் வழி திறக்கிறது.

குடியுரிமை மனு தேசியப் பதிவு இலாகாவில் செய்ய வேண்டியது. மனு நிலுவையில் இருக்கும்வரை ஓட்டு இல்லை. நீல அட்டை கைக்கு வந்ததும் பெயர் பட்டியலில் ஏறியிருக்கிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும்.

முகவரி

தானாகப் பதியும் முறையில், தேசியப் பதிவு இலாகா வைத்திருக்கும் விவரத்தைக் கொண்டுதான் தேர்தல் ஆணையம் பெயரைச் சேர்க்கிறது. அந்த விவரத்தில் உங்கள் முகவரி "ஹேவூட் தோட்டம், 31100 சுங்கை சிப்புட்" என்று இருந்தால் நீங்கள் சுங்கை சிப்புட் வாக்காளர். நீங்கள் கிள்ளானில் பதினைந்து வருஷமாக லாரி ஓட்டுகிறீர்கள் என்பது கணினிக்குத் தெரியாது. அந்த லயம் இருந்த இடத்தில் இப்போது செம்பனை எனும் எண்ணெய்ப் பனை நிற்பதும் அதற்குத் தெரியாது.

முந்தைய முறையில் தாமாகப் போய்ப் பதிந்துகொண்ட மூத்தவர்களின் நிலை வேறு. அவர்கள் எந்தத் தொகுதியில் பதிந்தார்களோ அங்கேயே இருக்கிறார்கள். அதனால் ஒரே வீட்டில் அப்பாவின் ஓட்டு பழைய தோட்டத்துப் பள்ளியிலும், மகளின் ஓட்டு தாமானுக்குப் பக்கத்துப் பள்ளியிலும், கல்யாணமாகி வந்த மருமகளின் ஓட்டு அவள் அம்மா வீடு இருக்கும் பாகான் செராயிலும் இருக்கக்கூடும். இதில் எதுவும் தவறு அல்ல. தெரியாமல் இருப்பதுதான் தவறு.

வீடு மாறினால் செய்ய வேண்டியவை இரண்டு. இரண்டும் தனித்தனி வேலைகள். முதலில் தேசியப் பதிவு இலாகாவுக்குப் போய் மைகார்டில் முகவரியை மாற்ற வேண்டும். அடுத்து, வாக்களிக்கும் தொகுதியை மாற்றும்படி தேர்தல் ஆணையத்துக்கு விண்ணப்பிக்க வேண்டும். இதற்கு மைஎஸ்பிஆர் டஃப்தார் என்ற இணையத்தளம் இருக்கிறது, மாநிலத் தேர்தல் அலுவலகத்துக்கு நேரிலும் போகலாம். முதல் வேலையை முடித்துவிட்டு இரண்டாவதும் தானாக நடந்துவிடும் என்று இருந்துவிடுவதுதான் எங்கும் நடக்கிறது. நடக்காது. பெயரைச் சேர்ப்பதுதான் தானியங்கி. ஏற்கெனவே பட்டியலில் இருப்பவரை இடம் மாற்றுவது அவருடைய விண்ணப்பத்தின் பேரில்தான். இரண்டாவதை முதலில் செய்யவும் முடியாது, ஏனென்றால் விண்ணப்பத்தில் எழுதும் முகவரியும் மைகார்டு முகவரியும் ஒன்றாக இருக்க வேண்டும்.

இதைத் தேர்தல் அறிவித்த பிறகு செய்தால் பயனில்லை. விண்ணப்பத்தை ஆணையம் பார்க்க வேண்டும், துணைப் பட்டியலில் போட்டுப் பொதுமக்கள் பார்வைக்கு வைக்க வேண்டும், ஆட்சேபம் இருந்தால் விசாரிக்க வேண்டும், பிறகு அரசிதழில் வர வேண்டும். அதற்குள் தேர்தல் முடிந்திருக்கும். பட்டியல் அரசிதழில் வெளிவந்துவிட்டால் 1958ஆம் ஆண்டுத் தேர்தல் சட்டத்தின் 9ஏ பிரிவின்படி அதை நீதிமன்றத்தில் எதிர்த்து வழக்காட முடியாது. ஆகவே தேர்தல் பேச்சே இல்லாத சாதாரண மாதத்தில், பள்ளி விடுமுறையிலோ தீபாவளிக்கு ஊருக்கு வரும்போதோ உட்கார்ந்து பார்ப்பதுதான் சரி. மைஎஸ்பிஆர் செமாக் தளத்தில் ஐ.சி. எண்ணைத் தட்டினால் நாடாளுமன்றத் தொகுதி, சட்டமன்றத் தொகுதி, வாக்களிப்பு வட்டாரம் எல்லாம் வரும். வீட்டில் கைப்பேசி பழகாத பெரியவர்களுக்கும் சேர்த்துப் பார்த்துக் கொடுங்கள். இறந்துபோன தாத்தாவின் பெயர் இன்னும் இருக்கிறதா என்பதையும் பார்க்கலாம். இறப்பை முறையாகப் பதிந்திருந்தால்தான் அந்தப் பெயர் நீங்கும்.

மாற்றத்தான் வேண்டுமா என்று ஒரு கேள்வி வரும். வெளியூரில் வேலை செய்யும் பிள்ளைகள் பலர் ஊரில்தான் ஓட்டு இருக்க வேண்டும் என்று விரும்புகிறார்கள். அந்தப் பற்று எனக்குப் புரிகிறது. ஆனால் அரசியலமைப்பு வசிப்பிடத்தைத்தான் கேட்கிறது. அதோடு, உள்நாட்டிலேயே வேறு மாநிலத்தில் வேலை செய்பவருக்குச் சாதாரணமாக அஞ்சல் ஓட்டு கிடையாது. தேர்தல் பணியில் இருப்பவர்கள் போன்ற சில வகையினருக்குத்தான் அது. ஜொகூர் பாரு ஃபாக்டரியில் வேலை செய்யும் பிள்ளை பேராக்கில் ஓட்டுப் போட, பஸ் ஏறி வந்துதான் ஆக வேண்டும். எல்லை தாண்டி சிங்கப்பூரில் வேலை செய்பவருக்கோ, நிபந்தனைகளுக்கு உட்பட்டு, வெளிநாட்டு அஞ்சல் வாக்காளராக விண்ணப்பிக்க 2022 முதல் வழி இருக்கிறது. அதற்கு முன் சிங்கப்பூர், புருணை, தென் தாய்லாந்து, கலிமந்தான் ஆகிய இடங்களில் இருந்தவர்களுக்கு அந்த வசதி இல்லை. ஒவ்வொரு தேர்தலுக்கும் புதிதாக விண்ணப்பிக்க வேண்டும், காலக்கெடு மிகக் குறுகியது.

ஒரு ஓட்டால் என்ன ஆகிவிடும் என்பவர்களுக்கு ஒரு கணக்கு. 2008இல் சுங்கை சிப்புட்டில், 1974 முதல் அந்தத் தொகுதியை வைத்திருந்த மலேசிய இந்தியர் காங்கிரஸ் தலைவர் டத்தோ ஸ்ரீ சாமிவேலுவை எதிர்க்கட்சி வேட்பாளர் டாக்டர் ஜெயக்குமார் வென்றது 1,821 ஓட்டு வித்தியாசத்தில். யாருக்குப் போடுவது என்பது அவரவர் முடிவு. நான்கைந்து பெரிய தோட்டங்கள் கலைந்தால், முகவரி மாறாமல் சிதறிப் போகும் ஓட்டு அந்த எண்ணிக்கைக்குப் பக்கத்தில் வந்துவிடும் என்பதைத்தான் சொல்ல வருகிறேன்.

வாக்களிப்பு நாளன்று கையில் என்ன இருக்க வேண்டும்

மைகார்டு இருந்தால் போதும். பட்டியலில் பெயரும் இருக்க வேண்டும், அவ்வளவே. கட்சிக்காரர்கள் பந்தலில் எழுதிக் கொடுக்கும் சீட்டு உங்கள் வரிசையை எளிதாகக் கண்டுபிடிக்க உதவும், அது கட்டாயமான ஆவணம் அல்ல. அந்தச் சீட்டு இல்லை என்று உங்களை யாரும் திருப்பி அனுப்ப முடியாது. கைப்பேசியில் எடுத்து வைத்த ஐ.சி. படத்தை நம்பிப் போகாதீர்கள்.

ஐ.சி. தொலைந்துவிட்டால் உடனே தேசியப் பதிவு இலாகாவில் புதிதுக்கு விண்ணப்பியுங்கள். புது அட்டை வரும்வரை அவர்கள் கொடுக்கும் தற்காலிக அடையாள ஆவணத்தைக் காட்டி ஓட்டுப் போடலாம். மழையில் நனைந்து, சில்லு உரிந்து, முகமே தெரியாமல் தேய்ந்துபோன அட்டை வைத்திருக்கும் பால்மரக்காரர்களும் இதைத் தள்ளிப் போடக் கூடாது.

இன்னொன்றை வெளிப்படையாகவே எழுத வேண்டும். வட்டிக்காரனிடமோ கங்காணியிடமோ ஐ.சி.யை அடமானம் வைத்துவிட்டு நிற்கும் நிலை நம் ஊர்களில் இன்னும் இருக்கிறது. சட்டப்படியான காரணம் இல்லாமல் அடுத்தவர் அடையாள அட்டையைப் பிடித்து வைத்திருப்பது குற்றம். மூன்று ஆண்டு வரை சிறை, 20,000 ரிங்கிட் வரை அபராதம், அல்லது இரண்டுமே. கடன் கடனாக இருக்கட்டும், அட்டை உங்களிடம்தான் இருக்க வேண்டும். தேர்தல் நேரத்தில் "ஐ.சி.யைக் கொடும்மா, பேரைச் சரிபார்த்துத் தர்றேன்" என்று வாங்கிக்கொண்டு போகிறவரிடமும் கொடுக்காதீர்கள். சரிபார்க்க எண் போதும்.

சாவடிக்குள் நடப்பது எளிது. வாக்காளர்களைப் பெரும்பாலும் வயதுவாரியாகச் சாலுரான் எனப்படும் வாக்களிப்பு வரிசைகளில் பிரித்திருப்பார்கள். மூத்தவர்கள் முதலாம் சாலுரானில் இருப்பார்கள். முதல் அதிகாரி உங்கள் ஐ.சி.யைப் பார்த்துப் பெயரையும் எண்ணையும் உரக்கப் படிப்பார். கட்சி முகவர்கள் தங்கள் பட்டியலில் அடித்துக்கொள்வதற்காகத்தான் அது, கூச்சப்பட ஒன்றுமில்லை. உங்கள் பெயரில் வேறொருவர் ஓட்டுப் போட்டுவிடாமல் தடுப்பதும் அதுவே. இரண்டாமவர் இடது கை ஆள்காட்டி விரலில் அழியா மை வைப்பார். 2013 பொதுத் தேர்தலில் தொடங்கிய வழக்கம் இது. மை வைக்க மறுத்தால் வாக்குச் சீட்டு கிடைக்காது. மூன்றாமவர் சீட்டைக் கொடுப்பார். வேட்பாளர் பெயருக்கு நேரே ஒரு பெருக்கல் குறி, அதற்கு மேல் எதையும் எழுத வேண்டாம். கையெழுத்தோ பெயரோ போட்டால் ஓட்டு செல்லாததாகும். கண் பார்வை இல்லாதவர்களும் உடல் இயலாதவர்களும் சாவடித் தலைமை அதிகாரியின் அனுமதியோடு ஒரு துணையை அழைத்துப் போகலாம். அப்பாவால் முடியாது என்று நீங்களாகவே முடிவு செய்துவிடாதீர்கள், அவரைக் கேளுங்கள்.

வேலை நாளாக இருந்தால்

காலைப் பெரட்டுக்கு, அதாவது ஆள் கணக்கெடுப்புக்குப் போய், ரப்பர் மரம் வெட்டி, பால் எடுத்து, நிறுத்துப் போட்டுவிட்டு வீட்டுக்கு வரப் பிற்பகலாகிவிடும். செம்பனை வெட்டுக்காரர்களுக்கும் அப்படியே. ஓட்டுப் போடப் போனால் அன்றைய பேர், அதாவது நாள் சம்பளம், போய்விடுமே என்ற பயம் தோட்டத்துக்கும் உண்டு, ஃபாக்டரிக்கும் உண்டு. 1954ஆம் ஆண்டுத் தேர்தல் குற்றச் சட்டத்தின் 25ஆம் பிரிவு இதற்கென்றே இருக்கிறது. வாக்களிப்பு நாளன்று வாக்காளரான தொழிலாளி ஓட்டுப் போட்டு வருவதற்கு நியாயமான நேரத்தை முதலாளி கொடுத்தே ஆக வேண்டும். அந்த நேரத்துக்காகச் சம்பளம் பிடிக்கக் கூடாது, தண்டிக்கவும் கூடாது. மீறினால் முதலாளிக்கு 5,000 ரிங்கிட் வரை அபராதமோ ஓராண்டு வரை சிறையோ கிடைக்கலாம். 2022 பொதுத் தேர்தலில் தீபகற்பத்தில் சாவடிகள் காலை எட்டு மணி முதல் மாலை ஆறு வரை திறந்திருந்தன. முதல் நாளே வேலையை மேற்பார்க்கும் மண்டோரிடம் எத்தனை மணிக்குப் போவது என்று பேசி வைத்துக்கொள்ளுங்கள். மறுத்தால் தொழிற்சங்கக் கிளையிடமோ போலிசிலோ புகார் செய்யலாம்.